காஞ்சொறியும் பவளமும்

வற்றம் இறங்கிய காலையில், மண்டபம் கரையோரப் பாறைகளுக்கு நடுவே குனிந்து பார்த்தாலும் அது எளிதில் கண்ணில் படாது. நாவற்பழம் அளவில், பழுப்பும் பச்சையும் கலந்த வழவழப்பான ஓர் உருண்டை கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டிருக்கும். தொட்டால் வெந்த சவ்வரிசி போல நழுவும். அதை உயிர் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். ஏற்றம் தொடங்கி முதல் அலை அந்தக் குழியை நிரப்பட்டும். பாட்டியின் சுருக்குப்பை வாய் அவிழ்வது போல உருண்டையின் உச்சி மெல்ல அவிழும். உள்ளே மடங்கிக் கிடந்த விரல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து நீரில் மிதக்கும். சில நிமிடங்களில் அந்தக் கல்லின் மேல் ஒரு சாமந்தி பூத்திருக்கும்.

கடற்சாமந்தி என்ற பெயர் அந்தக் காட்சிக்கு வைத்த பெயர். பூ என்று நம்பி வரும் குட்டி இறாலுக்கு அது பூ அல்ல என்பது தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். இன்றைய பேச்சு இந்த விலங்கையும், இதன் தூரத்து உறவான மென்பவளத்தையும் பற்றியது. இரண்டும் தீவுக் கரைகளிலும் துறைமுகக் கற்களிலும் நம் காலடியில் வாழ்கின்றன. இரண்டையும் நாம் போதுமான அளவு பார்த்ததில்லை.

விரலை அந்த இதழ்களில் வைத்தால் பசை போல ஒட்டும். அது பசை அல்ல. தோலில் நிரம்பியிருக்கும் நுண்ணிய பைகளுக்குள் ஒவ்வொரு நூல் சுருண்டு கிடக்கிறது. தொட்ட கணம் அது வெளியே பாய்ந்து, குத்தி, நஞ்சைச் செலுத்துகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஹைட்ரா என்னும் நன்னீர் உயிரில் இந்தப் பாய்ச்சலை அளந்திருக்கிறார்கள். 700 நானோவினாடியில் முடிந்துவிடுகிறது. புவியீர்ப்பைப் போல 50 லட்சம் மடங்குக்கு மேற்பட்ட முடுக்கம். விலங்குலகில் இதைவிட வேகமான அசைவுகள் மிகச் சிலவே. நம் விரல்நுனித் தோல் தடிப்பானது என்பதால் நமக்கு ஒட்டுவதாக மட்டும் தெரிகிறது. முழங்கையின் உட்புறத்தில் பட்டால் அரிக்கும்.

இந்த அரிப்பைத்தான் மனிதர்கள் முதலில் கவனித்தார்கள். பழைய கிரேக்கர்கள் கடற்சாமந்தியையும் ஜெல்லி மீனையும் தங்கள் ஊர்க் காஞ்சொறிச் செடியின் பெயராலேயே அழைத்தார்கள். அரிஸ்டாட்டில் இவற்றைத் தாவரத்துக்கும் விலங்குக்கும் நடுவே வைத்தார். இந்தக் கூட்டம் முழுவதற்கும் இன்று அறிவியல் தரும் பெயர் நிடேரியா. காஞ்சொறியைக் குறிக்கும் அதே கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. நம் கடற்கரைக்காரர்கள் கிரேக்கம் படித்ததில்லை. ஆனாலும் ஜெல்லி மீனுக்குச் 'சொறி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரே அரிப்பு, இரண்டு கடல்கள், ஒரே பெயர். தொட்டறிந்தவர்கள் வைத்த பெயர் தப்பாது.

காஞ்சொறி என்ற அந்தச் சொல்தான் பவளத்தின் மர்மத்தையும் அவிழ்த்தது. மத்தியதரைக் கடலின் செம்பவளக் கிளையைக் கடல்நீரில் வைத்தால் அதன் மேல் எட்டு இதழ்கொண்ட வெள்ளைப் பூக்கள் விரிவதை 1706இல் மார்சிலி என்ற இத்தாலியர் கண்டார். பவளம் ஒரு செடி என்பது உறுதியாகிவிட்டதாக அறிஞர்கள் மகிழ்ந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து மார்சேய் நகரின் மருத்துவர் பெய்சொனெல் அதே பூக்களைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவை தொட்டால் சுருங்கின, அமைதியாக விட்டால் விரிந்தன. இவை பூக்கள் அல்ல, கடற்சாமந்தி போன்ற சிறு காஞ்சொறிகள், பவளம் என்பது அவை கட்டிய வீடு என்றார். பாரிஸ் அறிவியல் கழகத்தில் இந்தக் கருத்தை எடுத்துவைத்த ரியோமூர், நண்பர் கேலிக்கு ஆளாகக் கூடாதே என்று அவர் பெயரையே சொல்லாமல் மறைத்தார். 1740களில் ட்ரெம்ப்ளே ஹைட்ராவை ஆராய்ந்து அது விலங்கு என்று காட்டிய பிறகுதான் பெய்சொனெல் சொன்னது சரி என்று ஒத்துக்கொண்டார்கள். பெய்சொனெல் எந்தப் புதிய கருவியையும் கொண்டுவரவில்லை. கரையோரக் கடற்சாமந்தியை ஏற்கெனவே நன்றாகப் பார்த்திருந்தார், அவ்வளவுதான்.

இந்தக் கதை நம் வீட்டுக்குள்ளும் வருகிறது. நவரத்தினத்தில் ஒன்றாக நாம் அணியும் பவளம், பழந்தமிழ் துகிர் என்று சொன்னது, பவளப்பாறையின் வெள்ளைக் கல் அல்ல. நகைப் பவளத்தில் புகழ்பெற்றது மத்தியதரைக் கடலின் அந்தச் செம்பவளமே. நேப்பிள்ஸுக்கு அருகிலுள்ள டோரே டெல் கிரேக்கோ ஊரில் இன்றும் அதைக் கடைந்து மணியாக்குகிறார்கள். அதை உருவாக்கும் உயிருக்கு எட்டே கைகள், ஒவ்வொன்றும் இறகு போல ஓரம் கிழிந்தது. மென்பவளத்துக்கும் எட்டுக் கை. கடல் விசிறிக்கும் எட்டு. கடற்சாமந்தியும் பாறை கட்டும் கல்பவளமும் வேறு கிளை. அவற்றின் உடல் ஆறின் மடங்குகளில் அமைகிறது, கைகளில் இறகு இல்லை.

ஆக, கடற்சாமந்தியும் மென்பவளமும் மெத்தென்று இருப்பதால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நினைப்பது பிழை. எலும்பே இல்லாத சாமந்திக்கு நெருங்கிய சொந்தம் கல்பவளம். தோல்போல வளையும் மென்பவளத்துக்கு நெருங்கிய சொந்தம் கழுத்தில் தொங்கும் பவளமணி.

மன்னார் வளைகுடாவில் முகமூடிக் கண்ணாடி போட்டுத் தலையை நீருக்குள் விட்டால் மென்பவளங்களை மூன்று தோற்றங்களில் பார்க்கலாம். சார்கோஃபைட்டன் பெரிய காளானைப் போலக் குடை விரித்திருக்கும். சினுலேரியா இஞ்சிக் கிழங்கின் விரல்களைப் போலக் கிளைத்திருக்கும். லோபோஃபைட்டம் மடிப்பு மடிப்பாகத் தட்டில் பரப்பிய மாவு போலப் படர்ந்திருக்கும். ஆனால் தோற்றத்தை வைத்து இனத்தைச் சொல்ல முயன்றால் ஏமாற வேண்டியதுதான். நீரோட்டம் மாறினால் உருவமும் மாறிவிடும். ஆய்வாளர்கள் செய்வது இது: சுண்டுவிரல் நகம் அளவு துண்டு ஒன்றை வெட்டி, அதன் மேல் துணி வெளுக்கும் பிளீச் திரவம் இரண்டு சொட்டு விடுவார்கள். சதை நுரைத்துக் கரையும். அடியில் வெள்ளைத் தூள் ஒன்று தங்கும். வெறும் கண்ணுக்கு அது கோலமாவு. நுண்ணோக்கியில் வைத்தால் நூற்கதிர், கதாயுதம், கர்லாக்கட்டை என்று செதுக்கி வைத்தது போன்ற சுண்ணாம்பு முட்கள். ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு வேலைப்பாடு. வெளியே மென்மையாகத் தெரியும் உடலுக்குள் இப்படிப் பல்லாயிரம் முட்கள் புதைந்திருக்கின்றன. சினுலேரியா இனங்கள் சில தங்கள் அடிப்பகுதியில் இந்த முட்களைச் சேர்த்து இறுக்கிக் கல்லாகவே ஆக்கிவிடுகின்றன. பாறை கட்டுவது கல்பவளத்தின் வேலை மட்டும் என்று பாடப்புத்தகங்கள் சொல்வது முழு உண்மை அல்ல.

முள் போதாதென்று மென்பவளம் வேதிப்பொருளையும் ஆயுதமாக வைத்திருக்கிறது. அதைக் கடித்த மீன் திரும்ப வருவதில்லை. பக்கத்தில் வளரும் கல்பவளமும் அந்த நீர் பட்டுக் கருகுவது உண்டு. 1969இல் கரீபியன் கடலில், கடல் விசிறியின் உறவான ஒரு பவளத்தில் புரோஸ்டாகிளாண்டின் மண்டிக் கிடப்பதைக் கண்டு மருந்துலகம் திகைத்தது. மனித உடலில் துளித்துளியாகச் சுரக்கும் அரிய பொருள் அது.

கடற்சாமந்தியின் நஞ்சு இன்னும் பெரிய உண்மையைச் சொல்லியது. 1901இல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் சென்ற ஷார்ல் ரிஷேவும் போல் போர்ட்டியேவும் நஞ்சைச் சிறிது சிறிதாகக் கொடுத்தால் உடல் பழகிக்கொள்ளும் என்று நம்பினார்கள். பாரிஸ் திரும்பி, கடற்சாமந்தி நஞ்சை நெப்டியூன் என்ற நாய்க்கு முதலில் குறைந்த அளவில் கொடுத்தார்கள். நாய் நலமாக இருந்தது. சில வாரங்கள் கழித்து மறுபடி கொடுத்தபோது அரை மணி நேரத்துக்குள் இறந்தது. பழகுவதற்குப் பதிலாக உடல் முன்பைவிடக் கொந்தளித்தது. இதற்கு அவர்கள் 1902இல் வைத்த பெயர் அனாஃபிலாக்சிஸ். இன்று பெனிசிலின் ஊசிக்கு முன் மருத்துவமனையில் கையில் சின்னதாகக் குத்திச் சோதித்துப் பார்ப்பதற்குப் பின்னால் அந்தக் கடற்சாமந்தி இருக்கிறது. ரிஷேவுக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு கடற்சாமந்தி எத்தனை ஆண்டு வாழும்? 1828இல் ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக் கரையில் சர் ஜான் டேலியல் ஒரு கடற்சாமந்தியை எடுத்துவந்து கண்ணாடிச் சாடியில் வளர்த்தார். 1851இல் அவர் காலமானார். சாமந்தி கைமாறிக் கைமாறி எடின்பரோ தாவரத் தோட்டம் வரை போய், 1887 வரை உயிரோடு இருந்தது. எல்லோரும் அதைப் பாட்டி என்று அழைத்தார்கள். 59 ஆண்டுகள், அதுவும் பிடிபடும்போதே வளர்ந்த உயிர். அது மடிந்தபோது செய்தித்தாள் இரங்கல் வெளியிட்டது.

அதே பிரிட்டன் தீவில்தான் அன்பே ஆபத்தானதும் நடந்தது. பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கையியலாளர் 1850களில் கடற்சாமந்திகளைப் பற்றி அழகான வண்ணப்படங்களோடு நூல்கள் எழுதினார். படித்த குடும்பங்கள் வாளியும் உளியுமாகக் கரைக்கு ஓடின. வீட்டுக்கு வீடு கண்ணாடித் தொட்டி. சில ஆண்டுகளில் பாறைக் குழிகள் காலியாயின. அவர் மகன் எட்மண்ட் காஸ் 1907இல் எழுதிய நினைவு நூலில் தந்தையின் நூல்களே அந்தக் கரைகளைச் சூறையாட வழிகாட்டிவிட்டதை வருத்தத்தோடு பதிவு செய்தார். இது பழங்கதை அல்ல. அலங்கார மீன் தொட்டிக்குக் கோமாளி மீன் வாங்குகிறவர் அது குடியிருக்க ஒரு சாமந்தியும் கேட்கிறார். மீனைக் குஞ்சு பொரிக்க வைக்க மண்டபம் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் கற்றுவிட்டார்கள். சாமந்தியோ மெதுவாக வளர்வது, அதைக் கடலிலிருந்துதான் பெயர்த்தெடுக்கிறார்கள். ஏறத்தாழ 30 வகைக் கோமாளி மீன்களுக்கு உலகில் இடம் கொடுப்பவை பத்து வகைச் சாமந்திகளே. ஒரு சாமந்தியைப் பெயர்த்தால் ஒரு மீன் குடும்பம் தெருவுக்கு வருகிறது.

பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் என்று எண்ணிவந்தோம். அவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல்லை ஆண்டுக்கணக்கில் உடைத்து அள்ளியது அதற்கு முக்கியக் காரணம். இந்தத் தீவுகளில் குருசடை மட்டும் ஓரளவு நன்றாகப் பதிவானது. சென்னை அருங்காட்சியகத்தின் கிரேவ்லி 1927இல் அதன் கரையோர விலங்குகளுக்காகவே தனி வெளியீடு கொண்டுவந்தார். 1986இல் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல்பவளங்கள், கரும்பவளம், தீப்பவளம், குழல்பவளம், கடல் விசிறி எல்லாம் சேர்ந்தன. மிக நல்ல செயல் அது. ஆனால் அந்தப் பட்டியலைக் கூர்ந்து படித்தால் ஒன்று உறுத்தும். சுண்ணாம்பாகவோ நகையாகவோ அலங்காரமாகவோ விலை போன எலும்புக்குக் காவல் கிடைத்தது. விலைபோகும் எலும்பு இல்லாத மென்பவளமும் கடற்சாமந்தியும் அதில் இல்லை. செத்தால் எதுவும் மிச்சம் வைக்காத உயிர் எத்தனை இருந்தது, எத்தனை போனது என்று பின்னால் எப்படிக் கணக்கெடுப்பது?

கணக்கு சிலர் விரல்களில் இருக்கிறது. பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் தலைமுறையாகப் பாசி எடுக்கப் போகிறவர்கள். விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கிக் கல்லைத் தடவுகிறார்கள். அந்தத் துணி கல்லின் கூர்மைக்கு மட்டுமல்ல, சொறியும் உயிர்களுக்கும் தான். எந்தக் கல்லில் கை வைக்கலாம், எதில் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். தீவுகளின் மென்னுயிர்களைக் கணக்கெடுக்கப் போகும் குழுவில் முதல் இடம் அவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

இனி துறைமுகத்துக்கு வருவோம். ஒட்டி வாழும் உயிருக்குக் கப்பலின் அடிப்பலகையும் ஒரு கல் தான். கரும்பச்சை உடலில் ஆரஞ்சு வரி ஓடும் டயாடுமெனி என்ற சிறு கடற்சாமந்தி ஆசியாவின் கிழக்குக் கடலைச் சேர்ந்தது. அமெரிக்க விலங்கியலாளர் ஆடிசன் வெரில் 1869இல் அதற்குப் பெயரிட்டார். ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்துத் தன் ஊரான நியூ ஹேவன் கரையிலேயே வரிபோட்ட ஒரு புதிய சாமந்தியைக் கண்டு, 1898இல் மகள் லூசியின் பெயரை அதற்குச் சூட்டினார். இரண்டும் ஒன்றே என்பது பின்னால்தான் தெரிந்தது. அவர் பெயரிட்ட உயிர் உலகத்தைக் கடந்து அவர் வாசலுக்கே வந்திருந்தது. அதற்குத் துணை தேவையில்லை. நெடுக்காக இரண்டாகப் பிளந்துகொள்ளும், இரண்டும் வாழும். ஒன்று வந்து சேர்ந்தால் போதும், ஒரு துறைமுகமே நிறைந்துவிடும்.

இதைவிடக் கவலை தருவது கரிஜோவா. மென்பவளங்களின் எட்டுக்கைக் கூட்டத்தைச் சேர்ந்தது. ஆரஞ்சு நிறத் தண்டின் மேல் வெண்பனித் துகள் போன்ற நட்சத்திரங்கள். 1860இல் கரீபியன் தீவுகளிலிருந்து அது விவரிக்கப்பட்டபோது, செயின்ட் தாமஸ் தீவில் மருந்துக்கடை வைத்திருந்த ரீசே என்ற டென்மார்க்காரரின் பெயர் ஒட்டிக்கொண்டது. 1972இல் ஹவாயின் பேர்ல் துறைமுகத்தில் அதைக் கண்டார்கள். கப்பல்துறைத் தூண்களில் ஒட்டும் அழுக்குகளில் ஒன்று என்றே எண்ணப்பட்டது. அதற்குச் சூரிய ஒளி வேண்டாம். மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்று நிழலில் செழிக்கும். அதனால் யாரும் பார்க்காத ஆழத்துக்கு இறங்கிவிட்டது. 2001இல் ரிச்சர்ட் கிரிக் குழுவினர் மாவி தீவின் அருகே நீர்மூழ்கியில் போனபோது, 80 முதல் 110 மீட்டர் ஆழத்தில் பாதிக்கு மேற்பட்ட கரும்பவள மரங்கள் அதன் போர்வைக்குள் மூச்சுமுட்டி இறந்திருந்தன. ஹவாய் மாநிலத்தின் அதிகாரபூர்வ ரத்தினம் கரும்பவளம். கரீபியனிலிருந்து வந்தது என்று நெடுநாள் நம்பியதை 2010இல் மரபணு ஆய்வு மாற்றியது. அது இந்திய, பசிபிக் கடல்களின் பிள்ளை. அதாவது 1860க்கு முன்பே பாய்மரக் கப்பல்கள் அதைக் கரீபியனுக்குக் கொண்டுபோயிருக்கக்கூடும்.

2011இல் 'கரன்ட் சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. மன்னார் வளைகுடாப் பவளங்களுக்குக் கரிஜோவா புதிய அச்சுறுத்தலா என்ற கேள்வியே அதன் தலைப்பு. இந்தக் கேள்வியைக் கேட்டவர்களைப் பாராட்ட வேண்டும். பதில் சொல்வதில்தான் சிக்கல். அது நம் கடலில் எப்போதும் இருந்ததா, கப்பல் கொண்டுவந்ததா? பழைய பதிவு இல்லாமல் இதை யாரும் தீர்க்க முடியாது. அது பழைய குடியானால் அதைப் பிடுங்குவது தவறு. வந்தேறியானால் பிடுங்காமல் விடுவது தவறு.

இந்தப் பயம் வீண் அல்ல. வெனிசுவேலாவின் மோச்சிமா கரையில், மீன்தொட்டிக்காகக் கொண்டுவந்த இந்தோ-பசிபிக் மென்பவளம் ஒன்று கடலில் இறங்கி, பவளப்பாறைகளைப் பாய் விரித்தது போல மூடிவிட்டது. நம் குருசடையிலேயே, வருமானத்துக்காகப் பயிரிட்ட கப்பாஃபைகஸ் பாசி வேலி தாண்டிப் பவளத்தின் மேல் படர்ந்ததை 2008இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

1974இல் பெருந்துறைமுகமான தூத்துக்குடியில் இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் கடலுக்குள் நீள்கின்றன. அவ்வளவு நீளமும் கருங்கல். மணலும் சேறுமாக இருந்த இடத்தில் மனிதர் கட்டிய புதிய பாறைக்கரை அது. கண் தொடும் தூரத்தில் வான் தீவு. உலகின் பல துறைகளிலிருந்து வரும் கப்பல்களும் இந்தத் தீவுகளும் பக்கத்து வீட்டுக்காரர்கள். கப்பல்கள் எடைக்காக நிரப்பிவரும் நிலைநீரைச் சுத்திகரிக்க வேண்டும் என்ற உலக ஒப்பந்தம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. அடிப்பலகையில் ஒட்டி வருவதை அது தொடுவதில்லை.

செய்ய வேண்டிய வேலை பெரிய செலவு பிடிக்காது. பல நாட்டுத் துறைமுகங்களில் ஏற்கெனவே செய்கிறார்கள். ஒரு சாண் அகலத்துக்கும் குறைவான, 14 செ.மீ. சதுர பி.வி.சி. பலகை ஒன்று, எடைக்கு ஒரு செங்கல், மேலே நைலான் கயிறு. கப்பல்துறையின் நிழலில் ஒரு மீட்டர் ஆழத்தில் அதைத் தொங்கவிட வேண்டும். மூன்று மாதம் கழித்துத் தூக்கிப் படம் எடுத்து, எண்ணி, தேதி எழுதி வைக்க வேண்டும். தருவைக்குளம், திரேஸ்புரம், பாம்பன் என்று கரையோரப் பள்ளிக்கு ஒரு பலகை போதும். பத்து ஆண்டுகளில் கரிஜோவா பற்றிய கேள்விக்கு நம் பிள்ளைகளின் நோட்டிலேயே பதில் இருக்கும்.

அப்படித் தூக்கும் பலகையில் முதலில் கண்ணில் படுவது கொட்டலசும் சேறும்தான். அதை ஒரு வாளிக் கடல்நீரில் மெதுவாக இறக்கி, வெயில் படாமல் வைத்து, கால் மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். கொட்டலசுகளுக்கு நடுவே மிளகளவு ஒரு கட்டி இருக்கும். அதன் உச்சி அவிழும். அப்போது கைகளை எண்ணலாம்: எட்டா, இல்லை அதற்கு மேலா, ஓரத்தில் இறகு உண்டா, இல்லையா.